உங்கட பாத்திரம் எந்த ஊர்? பூர்வீகத்துக்குப் போனஸ் கொடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் ஞாயிறு பின்னேரங்களில் ஐந்தாறு பேர் கூடி மேசையில் பாத்திரமேற்று விளையாடுகிறோம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் பாத்திரம் எழுதும்போது ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள்: "என்ர ஆள் இன்ன ஊர்க்காரன், அதுக்கு எத்தினை போனஸ்?" ஒவ்வொருவருக்கும் வாய் நோகச் சொல்வதைவிட எழுதிவைத்துவிட்டால் லேசு என்று பட்டது. ஒரு பிளேன்ரீ குடித்து முடிக்கிற நேரத்துக்குள் வாசித்து முடியாது, கொஞ்சம் நீளம்.

முதலில், இது என்ன விளையாட்டு?

ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் கேம் மாஸ்டர், அவர் கதை நடக்கிற உலகத்தைப் பார்த்துக்கொள்வார். மற்றவர்கள் "நான் மதிலேறிக் குதிக்கிறன்" என்று சொல்வார்கள், குதித்தாரா காலை முறித்தாரா என்பதைப் பகடை சொல்லும். 304 சீட்டாட்டம் விளையாடத் தெரிந்தவருக்குப் பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். 304ஐ விட இதில் சண்டை குறைவு, புளுகு கூட.

இந்த வகைக்கெல்லாம் மூத்தது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்டது. அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு அளவுகள்: பலம், சுறுசுறுப்பு, உடலுறுதி, புத்தி, விவேகம், வசீகரம். சண்டை எல்லாம் இந்த ஆறிலிருந்துதான் தொடங்குகிறது.

பூர்வீகப் போனஸ் என்றால் என்ன?

நீங்கள் எந்தக் கூட்டத்தில் பிறந்தீர்கள் என்பதற்காக அந்த ஆறு அளவுகளில் ஒன்றைக் கூட்டுவது, சில வேளை இன்னொன்றைக் குறைப்பது. 1978இல் வந்த வீரர் கையேட்டில் குள்ளர் கூட்டமான டுவார்ஃபுக்கு உடலுறுதி +1, வசீகரம் −1. காட்டில் வாழும் எல்ஃபுக்குச் சுறுசுறுப்பு +1, உடலுறுதி −1. பாதி மனிதன், பாதி ஓர்க் என்கிற முரட்டுக் கற்பனைப் பிராணி என்றால் பலமும் உடலுறுதியும் ஒவ்வொன்று கூடும், வசீகரம் இரண்டு குறையும். அதே புத்தகம் பெண் பாத்திரங்களின் பலத்துக்கும் ஒரு உச்சவரம்பு போட்டிருந்தது. எங்கட மேசையில் இருக்கிற இரண்டு பெண்களில் ஒருவர் லான்மாஸ்டர் உழவு மெசினை ஒரே சுழற்றில் ஸ்டார்ட் பண்ணுகிறவர், அவரிடம் இதை வாசித்துக் காட்டிவிட்டு நான் கொஞ்சம் தள்ளித்தான் இருந்தேன்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் அரை ஓர்க்கின் நிலை இன்னும் மோசம்: பலம் +2, ஆனால் புத்தி −2, வசீகரம் −2. 2008இல் வந்த நாலாம் பதிப்பு கழித்தலை விட்டுவிட்டு கூட்டலை மட்டும் வைத்துக்கொண்டது. 2014இன் ஐந்தாம் பதிப்பும் அப்படித்தான். ஆனால் 2016இல் ஒரு துணைப் புத்தகத்தில் ஓர்க்குக்கு −2 புத்தி பின்கதவால் திரும்பி வந்தது. 2020இல் அதை எடுத்துவிட்டார்கள். அதே வருடக் கடைசியில், எந்தக் கூட்டத்தில் பிறந்தாலும் போனஸை விரும்பிய இடத்துக்கு மாற்றிப் போடலாம் என்று இன்னொரு துணைப் புத்தகம் சொன்னது. 2024இன் புதிய கையேட்டில் 'இனம்' என்கிற சொல்லே போய், உயிரினத்தைக் குறிக்கிற சொல் வந்துவிட்டது, போனஸ் பிறப்பிலிருந்து கழன்று பின்னணிக்குப் போய்விட்டது. அந்தப் பின்னணி பற்றிக் கீழே சொல்கிறேன், அதிலும் எனக்கு ஒரு கடுப்பு இருக்கிறது.

ஒரு +2க்காக இவ்வளவு கதையா?

கணக்குப் பார்த்தால் நியாயமான கேள்விதான். அளவில் இரண்டு கூடினால் பகடையில் ஒன்று கூடும். இருபது முகப் பகடையில் ஒன்று என்பது நூற்றுக்கு 5. ஒரு பின்னேரத்தில் நீங்கள் 20 தடவை உருட்டினால், அந்தப் போனஸ் சராசரியாக ஒரே ஒரு தடவைதான் முடிவை மாற்றும். இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்டுகிற ஆட்டங்களில் கதை வேறு (ஆறுமுகம் எங்களுக்குப் பகடைக்கு முன்னமே பழக்கமான பெயர், அதை விடுவோம்). 8 வேண்டும் என்றால் 36இல் 15 வாய்ப்பு, ஒன்று கூட்டி 7 போதும் என்றால் 36இல் 21. அங்கே ஒன்று என்பது பெரிய விசயம்.

ஆனால் பகடையில் என்ன நடக்கிறது என்பதைவிட, பகடை கையில் வருவதற்கு முதலே என்ன நடக்கிறது என்று பாருங்கள். அரை ஓர்க்குக்குப் பலம் கூட என்று எழுதியிருந்தால், மந்திரவாதி ஆக நினைத்தவர் அரை ஓர்க்கைத் தொடமாட்டார். எல்லா அரை ஓர்க்கும் கோடரி தூக்கும், எல்லா எல்ஃபும் வில் எடுக்கும். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அந்த ஐந்து வீதம் ஒவ்வொருத்தரையும் மெல்லத் தள்ளிக் கொண்டுபோய் அவரவர் 'இடத்தில்' இருத்திவிட்டது. சின்ன இலக்கம் இவ்வளவு வேலை செய்வது எங்களுக்குப் புதினம் இல்லை.

ஓர்க் கற்பனைப் பிராணிதானே? அதுக்குப் போய் ஏன் மனம் நோகவேணும்?

எனக்கு நோகவில்லை. எட்டடி உயர ராட்சதன் மூட்டை கூடத் தூக்குவான் என்றால் தூக்கட்டும். அது உடம்பு. யானைக்கும் எருமைக்கும் ஒரே பலம் என்று யார் சொன்னது?

சிக்கல் என்னவென்றால் இந்தப் புத்தகங்கள் உடம்பையும் பழக்கத்தையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டன. 2014 கையேட்டில் டுவார்ஃபுக்குக் கோடரியும் சுத்தியலும் பிறவியிலேயே தெரியும். எல்ஃப் வகைகள் பலவற்றுக்கு வாளும் வில்லும் தெரியும். சரி, மூன்று மாதத்தில் ஒரு எல்ஃப் குழந்தையை டுவார்ஃப் வீட்டுப் படலையில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், அந்த வீட்டில் ஒரு வில்லும் கிடையாது, இருபது வயதில் அது நீளவில்லைக் கையில் எடுத்தால் பிழையில்லாமல் எய்யுமாம், எப்படி? 1978 புத்தகத்தில் டுவார்ஃபுக்கு நிலத்துக்குக் கீழே நடைபாதை சரிகிறதா என்று சொல்லிவிட முடியும். நல்ல திறமை, எனக்குப் பிடித்த திறமை. எங்கட ஊரில் கிணறு வெட்டுகிறவர்களும் இந்த மாதிரி விசயம் சொல்வார்கள், மண்ணைக் கையில் நசித்துப் பார்த்து இன்னும் எத்தனை முழத்தில் பாறை வரும் என்பார்கள். அது முப்பது கிணறு வெட்டின கை. அவருடைய மகன் கொழும்பில் கணக்காளராக இருந்தால் அவனுக்கு அது தெரியாது.

நீங்கள் சொந்தமாகச் செய்த வன்னி ஆட்டத்தில் ஒரு பூர்வீக அட்டவணை இருந்ததாமே?

இருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், நான்தான் எழுதினேன்.

எங்கட ஆட்டம் நடக்கிற உலகத்துக்கு அடங்காப்பற்று என்று பெயர். அது வன்னியின் பழைய பெயர்தான், யாருக்கும் அடங்காத நிலம் என்பதால் வந்தது என்பார்கள். வெள்ளைக்காரன் முழுதாகப் பிடிப்பதற்கு முந்திய காலம், பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை என்று வன்னிமைகள், அதாவது சிற்றரசுகள், இருந்த காலம், அதற்குள் கொஞ்சம் பேய், கொஞ்சம் மந்திரம். பாத்திரங்கள் நாலு பகுதிகளில் ஒன்றிலிருந்து வரவேண்டும்: குளம், காடு, கடல், பட்டணம். இரவிரவாக இருந்து ஒரு அழகான அட்டவணை போட்டேன். குளத்தவருக்கு உடலுறுதி +2. காட்டவருக்கு விவேகம் +2, வசீகரம் −1. கடலவருக்குப் பலம் +2, புத்தி −1. பட்டணத்தவருக்குப் புத்தி +2, பலம் −1. கோடு கிழித்து, நிறம் தீட்டி, பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோனேன்.

மேசையில் இருந்த ஒரு அக்கா அதைக் கையில் எடுத்து, மேலிருந்து கீழே ஒருக்கா வாசித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடிய, "இது என்ர அம்மம்மா கலியாணப் புரோக்கரிட்டச் சொல்லுற லிஸ்ட் எல்லோ" என்றார்.

ஒருத்தரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. நான் திரும்ப வாசித்துப் பார்த்தேன். கடல் என்ற இடத்தில் ஒரு சாதிப் பெயரைப் போட்டாலும் அட்டவணை அப்படியே நிற்கும். காடு என்ற இடத்தில் இன்னொன்று. பட்டணம் என்று நான் எழுதியது யாழ்ப்பாணத்தை நினைத்துத்தான், 'வன்னியான்' என்று எங்களை அங்கே யாராவது ஒரு மாதிரிச் சொல்லும்போது காது சூடாகிறவன் நான், ஆனால் என்னுடைய அட்டவணையிலேயே மூளையை யாழ்ப்பாணத்துக்கும் முதுகெலும்பை வன்னிக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். யாரும் சொல்லித் தந்து எழுதவில்லை. தானாக வந்தது, அதுதான் கேவலம்.

எங்கட ஆட்களில் "தம்பி எந்த ஊர்?" என்பது வெறும் ஊர்க் கேள்வி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஊரைச் சொன்னால் அடுத்தது குறிச்சி, அடுத்தது "ஆற்றை பேரன்?" அதோடு கேட்டவருக்குத் தேவையான இலக்கம் கிடைத்துவிடும், பகடை உருட்டத் தேவையில்லை. அந்த விளையாட்டைத் தலைமுறை தலைமுறையாக விளையாடிக்கொண்டுதான் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் காசு கொடுத்துப் பகடை வாங்கி அதையே திரும்ப விளையாட வேண்டுமா?

ஆனால் பிறந்த இடத்தால் மனிதர் வேறுபடுவது உண்மைதானே?

உண்மை. அதை நான் மறுக்கவில்லை, இல்லாவிட்டால் பாத்திரத் தாளில் ஊர் என்று ஒரு பெட்டியே தேவையில்லை.

இடம் தருவது அறிவு. முல்லைத்தீவுக் கரையில் வளர்ந்தவருக்கு வாடையும் சோளகமும் கச்சானும் எப்போது மாறும், எந்தக் காற்றில் கரைவலை போடக்கூடாது என்று தெரியும். குளத்துக்குக் கீழே வயல் செய்கிற வீட்டுப் பிள்ளைக்கு வான் பாய்கிற சத்தம் ராத்திரியில் கேட்டால் நித்திரை முறியும். காட்டோரத்துப் பிள்ளைக்குப் பாலைப்பழக் காலத்தில் கரடியும் அதே மரத்துக்குத்தான் வரும் என்று தெரியும். இதில் ஒன்றுகூட 'புத்தி +2' இல்லை. காற்றை அறிந்தவர் அதனால் கணக்கில் கெட்டிக்காரர் ஆகிவிடுவதில்லை, கணக்கில் மொக்கு ஆகிவிடுவதும் இல்லை. ஒரு குறிப்பிட்ட விசயம், ஒரு குறிப்பிட்ட இடத்தில், அவருக்குத் தெரியும், பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

அப்ப உங்கட மேசையில் பூர்வீகத்துக்கு என்ன கிடைக்கும்?

அட்டவணையைக் கிழித்துவிட்டு (உண்மையாகவே கிழித்தோம், பின்பக்கம் 304க்குப் புள்ளி எழுதப் பயன்பட்டது) இப்போது மூன்று விசயம் வைத்திருக்கிறோம்.

உருட்டாமலே செய்யக்கூடிய ஒன்று. கடலில் வளர்ந்தவர் தோணி விட உருட்டத் தேவையில்லை, புயலடித்தால் தவிர. காட்டில் வளர்ந்தவர் தேன் எடுக்க உருட்டத் தேவையில்லை. தெரிந்த வேலைக்கு ஏன் பகடை?

இரண்டாவது, கேள்வி. ஒரு பின்னேரத்தில் மூன்று தடவை உங்கள் ஊர்க் கண்ணால் ஒரு கேள்வி கேட்கலாம், கேம் மாஸ்டர் உண்மையைச் சொல்லியாகவேண்டும். இதுதான் எங்கட ஆட்டத்திலேயே ருசியான பகுதி, ஒரு உதாரணம் சொல்கிறேன். மாசி மாதம், அறுவடை முடிகிற நேரம், ராத்திரி எல்லோரும் ஒரு பாழடைந்த குளக்கட்டால் நடந்து போகிறார்கள். குளத்துப் பாத்திரம் வைத்திருந்த தம்பி கேட்டான்: "அண்ணை, துருசு திறந்திருக்கோ பூட்டியிருக்கோ?" துருசு என்றால் குளத்துத் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடுகிற மதகு. நான் ஒன்றையும் யோசிக்கவில்லை, வாயில் வந்தபடி "திறந்திருக்கு" என்றேன். அவன் நிமிர்ந்து இருந்தான். "காலபோகம் முடிஞ்சுது, வயல் காயவேணும், இப்ப ஆர் தண்ணி திறப்பினம்? ஆரோ குளத்தை வத்த வைக்கினம். அடியில என்னவோ கிடக்கு." மற்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். குளத்தின் அடியில் ஒன்றும் கிடக்கவில்லை! அந்த நிமிடம் மட்டும். பிறகு மூன்று ஞாயிறு அந்தக் குளத்தடியில்தான் கழிந்தது. எத்தனை +2 கொடுத்திருந்தாலும் அந்தக் கதை வந்திராது.

மூன்றாவது, கடமை. ஊர் என்று ஒன்று இருந்தால் உங்களை அறிந்தவர்களும் இருப்பார்கள். மாமா ஒருவர், கடன் ஒன்று, முகம் கொடுத்துக் கதைக்காத சித்தப்பா ஒருவர், வைகாசிப் பொங்கலுக்கு எங்கு நின்றாலும் வற்றாப்பளைக்கு வந்து நிற்கிறேன் என்று அம்மாளுக்கு வைத்த நேர்த்தி. கேம் மாஸ்டருக்குத் தேவையானபோது இதில் ஒன்றை இழுப்பார். இழுக்கத்தான் செய்வார்.

ஒருவருக்கு ஒரு பூர்வீகம்தானா?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டதும் அந்தக் குளத்துத் தம்பிதான். முதல் நாள், பழைய தாள், 'பூர்வீகம்' என்று ஒரு சின்னப் பெட்டி. பேனையை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தான். "எதை எழுதுறது அண்ணை?" அவனுடைய அம்மம்மா 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து தர்மபுரம் பக்கம் காடு வெட்டிக் குடியிருந்தவர். கொழுந்து எடுத்த கை, இங்கே வந்து கச்சான் கடலை நட்டது. அப்பா யாழ்ப்பாணக் கரையோரம், 1995 இடப்பெயர்வில் குடும்பத்தோடு வன்னிக்கு வந்து திரும்பிப் போகாதவர். இவன் கொஞ்சக் காலம் வவுனியாவில் படித்தான், இப்போது குளத்துக்குக் கீழே ஒரு ஏக்கரில் அப்பாவோடு வயல் செய்கிறான். பெட்டிக்குள் மூன்று இடத்தைப் பொடி எழுத்தில் எழுதினான், நாலாவது வெளியில் வழிந்துவிட்டது.

அவன் விதிவிலக்கு இல்லை, வன்னியில் கேட்டுப் பாருங்கள், அரைவாசிப் பேருக்கு இப்படித்தான். இரணைமடுவுக்குக் கீழே குடியேற்றத் திட்டங்களில் காணி எடுத்து வந்தவர்கள், கலவரங்களில் வந்தவர்கள், இடம்பெயர்ந்து வந்து தங்கியவர்கள், எப்போதுமே இங்கே இருந்தவர்கள். 'பூர்வீகம்' என்று ஒரு புள்ளியைக் காட்டச் சொன்னால் எங்களால் முடியாது, வந்த வழியைத்தான் காட்ட முடியும். அதனால் பெட்டியை எடுத்துவிட்டு ஒரு கோடு போட்டோம். பாத்திரம் எங்கெங்கே இருந்தது என்று கோட்டில் குறியுங்கள், மூன்று இடம் வரை. ஒவ்வொரு இடத்துக்கும் மேலே சொன்ன மூன்றில் ஒன்று. ஒரே இடத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு மூன்றும் அந்த இடத்திலிருந்தே, ஆழமாக. அலைந்தவருக்கு மூன்று இடத்திலிருந்து ஒவ்வொன்று. எது நல்லது என்று எங்கட மேசையில் இன்னும் முடிவாகவில்லை.

2024 புதிய கையேடு இதைத் தீர்த்துவிட்டதே? பிறப்புக்கு இல்லை, பின்னணிக்குத்தானே போனஸ்?

பாதி தீர்த்தது. கையேட்டில் 16 பின்னணிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவுகள் குறித்திருக்கிறார்கள், அந்த மூன்றுக்குள்தான் நீங்கள் கூட்டலாம். அறிஞர் பின்னணிக்கு உடலுறுதி, புத்தி, விவேகம். விவசாயிக்குப் பலம், உடலுறுதி, விவேகம். பார்த்தீர்களா? விவசாயிக்குப் புத்தி இல்லை.

2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தியபோது, எத்தனை ஏக்கரை விதைப்பது, எதைத் தரிசாக விடுவது, நெல்லை இப்போது கொடுப்பதா வைத்திருப்பதா என்று கொப்பியில் கணக்குப் போட்டு அந்த வருடத்தைத் தள்ளிய ஆட்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அவர்களுக்குப் புத்தி கூட்டக்கூடாது என்று ஒரு புத்தகம் சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

அதோடு, தொழில் பிறப்போடு ஒட்டிக் கிடக்கிற சமூகத்தில் 'பிறப்புக்கு இல்லை, தொழிலுக்கு' என்பது பெரிய மாற்றமாகத் தெரியாது. அமெரிக்காவில் ஒருவேளை தெரியலாம். கேம் மாஸ்டருக்கான கையேட்டில் சொந்தமாகப் பின்னணி அமைத்துக்கொள்ள வழி சொல்லியிருக்கிறார்கள், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறவர்கள் தயங்காமல் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழக மாவட்ட ஒதுக்கீடும் பூர்வீகப் போனஸ்தானே? அதை மட்டும் ஏற்றுக்கொள்கிறீர்களா?

இதைக் கேட்காமல் ஒரு பட்டதாரியும் இந்த மேசையை விட்டு எழும்பியதில்லை. இலங்கையில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன.

இரண்டும் மேலுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் ஒதுக்கீடு ஒருவரின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. அவருடைய பள்ளிக்கூடத்தில் என்ன இல்லை என்றுதான் சொல்கிறது: இரசாயன ஆசிரியர் இல்லை, ஆய்வுகூடம் இல்லை, பஸ் இல்லை. முல்லைத்தீவுப் பிள்ளைக்கு மூளை −2 என்று அது எழுதவில்லை. அப்படி எழுதியதாகச் சிலர் நடந்துகொள்வார்கள், எனக்கும் ஒரு ஆசிரியர் இருந்தார், "உங்களுக்கென்ன, கோட்டா இருக்கு" என்பார். அது வேறு கதை, நீண்ட கதை.

விளையாட்டுக்குத் திரும்பினால், இதே யோசனையை ஒரு ஆட்டம் அழகாகப் பிடித்திருக்கிறது. 'கர்ப்ஸ்' என்ற ஆட்டத்தின் நாலாம் பதிப்பில், உங்களுக்குப் பழக்கமில்லாத பண்பாட்டுக்குள் போனால் மரியாதை, பேரம், பேச்சு போன்ற பண்பாட்டோடு ஒட்டிய திறமைகளில் −3. சொந்த ஊரில் யாருக்கும் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. யாழ்ப்பாணத்து வியாபாரி முத்தையன்கட்டில் தடுமாறுவார், முத்தையன்கட்டு ஆள் யாழ்ப்பாணச் சந்தையில் தடுமாறுவார். எனக்கு இது சரியாகப் படுகிறது.

வேறு எந்த ஆட்டங்களைப் பார்க்கலாம்?

ரூன்குவெஸ்ட், முதல் பதிப்பு 1978. 2018 பதிப்பில் பாத்திரத்தின் தாய்நிலத்தைப் பொறுத்துச் சில திறமைகள் கூடும், அதைவிட முக்கியம், பாட்டன் பாட்டி காலத்திலிருந்து குடும்பத்துக்கு என்னென்ன நடந்தது என்று உருட்டி உருட்டிக் கண்டுபிடிக்கவேண்டும். எங்கட கோட்டுக்கு யோசனை அங்கிருந்துதான் வந்தது.

1977இல் வந்த டிராவலரில் நாலு நாலு வருடமாகப் பாத்திரத்தின் வாழ்க்கையை உருட்டுவீர்கள், ஆட்டம் தொடங்குவதற்கு முன்னமே பாத்திரம் செத்தும் போகலாம். வெளிநாட்டு ஆட்கள் இதைப் பெரிய பகிடியாகச் சொல்வார்கள். எங்கட மேசையில் வாசித்தபோது யாரும் சிரிக்கவில்லை, அந்த விதியை மட்டும் விட்டுவிட்டோம்.

போர் உங்கட ஆட்டத்தில் வருமா?

வராது. பண்டாரவன்னியன் 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது வரைக்கும் வரும், அதற்குப் பிறகு ஒன்றும் வராது.

போனஸை எடுத்துவிட்டால் எல்லாப் பாத்திரமும் ஒரே மாதிரி ஆகிவிடாதா?

இதைச் சொல்கிறவர்களை நான் லேசாகத் தள்ளிவிடுவதில்லை. ஒரு இலக்கம் கூடும்போது வருகிற சந்தோசம் உண்மையானது, "என்ர ஆள் காட்டான், அதுதான் இவ்வளவு கெட்டி" என்று சொல்லிக்கொண்டு உருட்டுவதில் ஒரு கெத்து இருக்கிறது. அதற்காக ஆறு அளவுகளையும் அவரவர் விரும்பியபடி பிரித்துப் போட விட்டிருக்கிறோம். பலசாலிக் காட்டான் வேண்டுமா, பலத்தில் போடுங்கள். ஆனால் அது உங்கள் ஆளின் பலம், காட்டின் பலம் இல்லை. அடுத்த நாற்காலியில் இன்னொருவர் நோஞ்சான் காட்டான் ஒருவனை வைத்திருக்கலாம், அவனும் தேன் எடுப்பான்.

வெளிநாட்டில் பிறந்தவர், வன்னியை ஒருக்கா லீவுக்கு மட்டும் பார்த்தவர், வன்னிப் பாத்திரம் எடுக்கலாமா?

எடுக்கலாம். கனடாவிலிருந்து ஒருவர் சித்தப்பா வீட்டில் நின்ற ஒரு மாதம் எங்களோடு விளையாடினார், இப்போது போனில் வருகிறார், அவருக்கு அது காலை, எங்களுக்குப் பின்னேரம். துருசு என்றால் என்னவென்று தெரியாது. தெரியாவிட்டால் கேள்வி உரிமையைப் பயன்படுத்துங்கள், "குளத்தில் வளர்ந்த ஆளுக்கு இங்கே என்ன வித்தியாசமாகத் தெரியும்?" என்று கேட்டால் போதும், மேசையில் யாராவது சொல்வார்கள், அவர்கள் சொல்லத் தொடங்கினால் நிறுத்துவதுதான் கஷ்டம். பேச்சுத் தமிழைப் பகிடிக்காக இழுத்து இழுத்துக் கதைக்காதீர்கள், அது மட்டும்தான்.

பகடை எங்கே எடுப்பது?

இருபது முகப் பகடை இங்கே கடைகளில் கிடையாது, கொழும்பிலிருந்து எடுப்பித்தால் விலை கூட. எங்களிடம் இருப்பது ஒரே ஒன்று, அதைக் கேம் மாஸ்டர் தவிர யாரும் தொடக்கூடாது. மற்றவர்களுக்கு ஒரு துணிப்பை, உள்ளே 1 முதல் 20 வரை மார்க்கரால் எழுதின புளியங்கொட்டை. கையை விட்டு ஒன்றை எடுத்து, பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக் குலுக்கவேண்டும், போட மறந்தால் கணக்குப் பிழைக்கும். போன மாரியில் 17ஐ எலி கொண்டுபோய்விட்டது. அதற்குப் பதிலாக ஒரு மஞ்சாடி விதை போட்டிருக்கிறோம், சிவப்பு வந்தால் 17. தடவிப் பார்த்து எடுக்கிறவர்களுக்கு அந்த வாரம் பிளேன்ரீ செலவு.